பொடி எழுத்துல ஒரு விலாசம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் ஜார்ஜ்டவுன்ல சூலியா ஸ்ட்ரீட் பக்கம் பேப்பர் கடை வச்சிருக்கேன், அத்தா காலத்துக் கடை. போன்லயே தட்டுறேன், எழுத்துப் பிழை இருந்தா நீங்களே திருத்திக்கோங்க, நீளமா இருந்தா நடுவுல எங்க வேணா வெட்டிக்கோங்க, வாலை மட்டும் வெட்டிடாதீங்க.

முன்னாடியெல்லாம் விடியக்காலைல கட்டு வந்து இறங்கும், தமிழ், மலாய், சீனம், இங்கிலீஷ் நாலும் எட்டு மணிக்குள்ள பாதிக்கு மேல போயிரும். இப்போ கட்டைத் தூக்கவே ஆள் வேணாம், ஒரு கையில தூக்கிரலாம். 1924ல ஆரம்பிச்ச தமிழ் நேசன் 2019 ஜனவரியோட நின்னுச்சு, அதே வருஷம் அக்டோபர்ல மலாய் பேப்பர் உத்துசானும் நின்னுச்சு, அது அடுத்த வருஷம் திரும்ப வந்துச்சு, நேசன் வரல. சரி, நான் புலம்ப வரல. பேப்பர் படிச்ச ஆளுங்க இப்போ என்ன படிக்கிறாங்கன்னு சொல்லத்தான் வந்தேன், ஏன்னா அதை என் கடை வாசல்லயே பாக்குறேன்.

போன மாசம் ஒரு சனிக்கிழமை. துறைமுகத்துல வேலை பார்த்து ரிட்டயர் ஆன அண்ணன் ஒருத்தர், முப்பது வருஷமா உங்க பேப்பரை எங்கிட்ட வாங்குறவரு, அன்னைக்கும் வாங்கி அக்குள்ல இடுக்கிக்கிட்டு போனை நீட்டுறாரு. "பாய், இதைப் பாருங்க, இதெல்லாம் பேப்பர்ல போடமாட்டாங்க." தமிழ்நாட்டுல இருக்குற ஒரு யூடியூப்காரன், பினாங்கு எந்தத் திசைன்னு கேட்டா சொல்லத் தெரியாது அவனுக்கு, மலேசியாவுல இருக்குற கோயிலையெல்லாம் ஒண்ணு விடாம இடிக்க ரகசிய பிளான் போட்டாச்சு, லிஸ்ட் ரெடி, தேதி ரெடின்னு கத்துறான். பின்னாடி இடி இடிக்கிற மாதிரி மியூசிக், சிவப்பு வட்டம், சிவப்பு அம்பு. அவர் போய் அரை மணி நேரம் ஆகல, கெப்பாலா பத்தாஸ்லேர்ந்து என் மச்சான் மோட்டார்ல வந்து இறங்குறான். அவன் பாஸ்ங்கிற இஸ்லாமியக் கட்சி ஆளு, நல்லவன், கையில காசு இல்லாத நாள்லயும் சதக்கா குடுக்குறவன். அவன் காட்டுன டிக்டாக்ல ஜுப்பா போட்ட ஒரு பையன் பேசுறான், வெளிநாட்டுலேர்ந்து காசு வருது, கோயிலும் சர்ச்சும் கட்டி இந்த நாட்டையே எடுத்துக்கப் போறாங்க, ஜசெகதான், அந்த டிஏபி கட்சிதான், ஏஜெண்டு, லிஸ்ட் ரெடி, தேதி ரெடி. நிஜமா சொல்றேன் ஆசிரியர் ஐயா, அதே மியூசிக். அதே சிவப்பு அம்பு.

அந்த அண்ணனும் என் மச்சானும் இருபது வருஷத்துக்கு முன்னாடி இதே வாசல்ல ஒரே பெஞ்சுல உக்காந்து தே தாரேக் குடிச்சிக்கிட்டு பெட்ரோல் விலையைத் திட்டுனவங்க. இப்போ இவரை அழிக்க அவன் பிளான் போடுறான்னு இவரு நம்புறாரு, அவனை அழிக்க இவரு பிளான் போடுறாருன்னு அவன் நம்புறான், ரெண்டு பேருக்கும் சேர்த்து மாசக் கணக்குல எங்கிட்ட கடன் பாக்கி இருக்கு, அதுக்கு ஒரு பிளானும் காணோம். நான் மாமாக்கு, தமிழ் பேசுற முஸ்லிம், ரெண்டு பக்கத்து வாட்ஸாப் குரூப்லயும் இருக்கேன், அதனால ரெண்டு குப்பையும் என் போன்லதான் வந்து கொட்டுது.

கோயில் நிலப் பிரச்சினையே இல்லைன்னு நான் சொல்லல. 2025ல கோலாலம்பூர் மஸ்ஜிட் இந்தியா பக்கத்துல பத்ரகாளியம்மன் கோயில் விஷயம் எல்லாருக்கும் தெரியும், நிலத்தை 2014லயே தனியார் கம்பெனிக்கு வித்தாச்சு, அப்புறம் மாநகராட்சி, வக்கீல், பேச்சுவார்த்தை, கடைசில கொஞ்ச தூரம் தள்ளி வேற இடத்துக்கு மாத்திக்க ஒத்துக்கிட்டாங்க. மனசு வலிக்கிற விஷயம்தான். ஆனா அதைப் பேப்பர்ல ஒழுங்கா படிக்கணும்னா பட்டாவும் மீட்டிங்கும் தேதியுமா அரைப் பக்கம் படிக்கணும், கொட்டாவி வரும். "ரகசிய பிளான்"னு சொல்லிட்டா மூணு நிமிஷத்துல எல்லாம் புரிஞ்ச மாதிரி இருக்கும். இந்த சதிக் கதையோட ருசியே அதுதான், ஒண்ணும் படிக்காம எல்லாம் தெரிஞ்சவன் ஆயிடலாம்.

எனக்கு இதுல ஒரு தனி வருத்தம் இருக்கு, ஏன்னா நானே பாதி பழமைவாதி. பெரியவங்க முன்னாடி கால் மேல கால் போடாதேன்னு இன்னும் மகனை அதட்டுறவன். எனக்குத் தெரிஞ்ச பழமைவாதி யாருன்னா, ஊரே ஓடினாலும் கூட ஓடாம நின்னு எதுக்குடா ஓடுறீங்கன்னு கேக்குறவன். எங்க பாட்டன் காலத்துல பள்ளிவாசல் திண்ணையில ஒருத்தன் புதுசா வந்து என்னமோ சொன்னா முதல் கேள்வி, "தம்பி நீ யாரு மகன், எந்த ஊரு?" அதுக்குப் பதில் வந்த பிறகுதான் மத்தது. இன்னைக்கு மதம், மரபு, குடும்பம்னு பேசுற கட்சி ஆளுங்கதான் யாரு மகன்னே தெரியாதவன் சொன்னதை முதல் ஆளா நம்புறாங்க, அடுத்த நிமிஷம் பார்வர்டு. இது எப்படி பழமையாகும்னு எனக்குப் புரியல.

அமெரிக்காவுல இதே கூத்து பெரிய செலவுல நடந்துச்சு. விக்காம நின்ன இங்கிலீஷ் மேகசினைத் திருப்பி அனுப்புறதுக்கு முன்னாடி நான் படிச்சிருவேன், நான் படிச்ச காலேஜ் அதுதான். 1958ல ராபர்ட் வெல்ச்னு மிட்டாய் வியாபாரத்துல இருந்த ஒருத்தரு ஜான் பர்ச் சொசைட்டின்னு ஒண்ணு ஆரம்பிச்சாரு. அப்போ பிரசிடெண்டா இருந்த ஐசன்ஹோவரே கம்யூனிஸ்ட் ஏஜெண்டுன்னு எழுதுன ஆளு. ஐசன்ஹோவர் ரெண்டாம் உலகப் போர்ல ஐரோப்பாவுல நேசப் படைக்குத் தலைமை தாங்குனவரு, அதுவும் ரிபப்ளிகன் கட்சி, அவரையே விடல. 1962ல வில்லியம் பக்லின்னு ஒருத்தரு, கடைஞ்செடுத்த பழமைவாதி, நேஷனல் ரிவ்யூ நடத்துனவரு, தன் பத்திரிகைலயே வெல்ச்சோட பேச்சு நமக்கு ஆகாதுன்னு பேர் போட்டு எழுதுனாரு. முழு வீரம்னு சொல்லமுடியாது, அப்போ ஆளைத்தான் திட்டுனாரு, அந்தக் கூட்டத்தைத் திட்ட இன்னும் மூணு வருஷம் ஆச்சு, ஏன்னா அதுல அவரோட வாசகர்களே இருந்தாங்க. ஆனாலும் வாசல்ல ஒரு பெரியவர் நின்னு நீ யாரு மகன்னு கேட்டாரு பாருங்க, அதுதான் விஷயம்.

இப்போ அந்த வாசல்ல ஆள் இல்ல. 2020 தேர்தல்ல டிரம்ப் தோத்தாரு, ஓட்டைத் திருடிட்டாங்கன்னு அறுபதுக்கு மேல கேஸு, கோர்ட்டுல நிக்கல. டொமினியன்னு ஓட்டு மெஷின் செய்யிற கம்பெனிதான் ஓட்டை மாத்துச்சுன்னு ஃபாக்ஸ் டிவில மாத்தி மாத்திச் சொன்னாங்க. அப்புறம் அந்தக் கம்பெனி ஃபாக்ஸ் மேல கேஸு போட்டப்போ உள்ளுக்குள்ள அவங்க அனுப்பிக்கிட்ட மெசேஜ் எல்லாம் வெளிய வந்துச்சு, டிவில பேசுற பெரிய தலைங்களே அந்தக் கதையை நம்பல. பின்ன ஏன் ஓட விட்டாங்க? இல்லைன்னு சொன்னா பாக்குறவன் கோவிச்சுக்கிட்டு வேற சேனலுக்குப் போயிருவான். 2023 ஏப்ரல்ல 787.5 மில்லியன் டாலர் கட்டி கேஸை முடிச்சாங்க. கடைக்காரனா எனக்கு அந்த பயம் நல்லாவே புரியுது, துறைமுகத்து அண்ணன் போனை நீட்டுனப்போ நானும் "அப்படியாண்ணே"ன்னுதான் சொன்னேன், பொய்யின்னு சொல்லல. தினம் வர்ற வாடிக்கை.

அலெக்ஸ் ஜோன்ஸ்னு ஒரு ஆளைப் பத்தி என் மகள் சொல்லித்தான் தெரியும். 2012 டிசம்பர்ல சாண்டி ஹூக் ஸ்கூல்ல 26 பேரைச் சுட்டுக் கொன்னான் ஒருத்தன், அதுல 20 பேரு ஆறு ஏழு வயசுப் பிள்ளைங்க. இந்த ஜோன்ஸு அதெல்லாம் நாடகம், அழுவுற அப்பா அம்மா நடிகர்கள்னு வருஷக் கணக்குல பேசுனாரு. கேட்டவன் பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்கே மிரட்டல் விட்டான், சில பேரு வீடு மாத்தி வீடு மாத்தி ஓடுனாங்க. அந்த ஆளோட ஷோவுலதான் 2015 டிசம்பர்ல டிரம்ப் வந்து பேசிட்டுப் போனாரு, அடுத்த வருஷம் பிரசிடெண்டு தேர்தல்ல ஜெயிச்சாரு. ஜோன்ஸோட வருமானம் எதுலன்னு பார்த்தா, பயமுறுத்துற பேச்சு நடுவுல வைட்டமின் மாத்திரை, பவுடர் வியாபாரம். பயம் விளம்பரம், மாத்திரை சரக்கு. 2022 அக்டோபர்ல கனெக்டிகட் ஜூரி 965 மில்லியன் டாலர் கட்டச் சொன்னாங்க, கடனாளியா மனு போட்டாரு.

இந்த ரெண்டு கேஸையும் நான் எதுக்குச் சொல்றேன்னா, டிவிக்கு ஒரு விலாசம் இருந்துச்சு, ஜோன்ஸுக்கு ஒரு விலாசம் இருந்துச்சு, அதனாலதான் சம்மன் போய்ச் சேர்ந்துச்சு. 2017 அக்டோபர்ல ஒரு இணைய பலகையில "கியூ"ன்னு ஒருத்தன் எழுத ஆரம்பிச்சான், நான் அரசாங்கத்துக்குள்ள இருக்கேன், ஹிலாரி கிளிண்டனை இதோ கைது பண்ணப் போறாங்கன்னு தேதி குடுத்தான். தேதி வந்துச்சு, போச்சு, ஒண்ணும் நடக்கல. ஜோசியக்காரன் ரெண்டு தடவை தப்பினா நம்ம ஊருல கிளிக் கூண்டைத் தூக்கிட்டுப் போயிருவான், இவனுக்குக் கூட்டம் கூடுச்சு, நடக்கலைன்னா அதுவும் பிளான்ல ஒரு பகுதியாம். சம்மன் அனுப்பலாம்னா யாருக்கு அனுப்புறது? 2021 ஜனவரி 6 பார்லிமெண்டுக்குள்ள கொம்பு வச்சுக்கிட்டு ஒருத்தன் நின்னானே, படம் உங்க பேப்பர்லயும் வந்துச்சு, அவன் அந்தக் கூட்டத்து ஆளுதான். உள்ள போனவன் ஜெயிலுக்குப் போனான், அப்புறம் 2025 ஜனவரில டிரம்ப் திரும்ப வந்ததும் கிட்டத்தட்ட 1,500 பேருக்கு மன்னிப்பு. எழுதி உசுப்பிவிட்ட கியூ இன்ன வரைக்கும் "ஆமா நான்தான்"னு வந்து நிக்கல.

புலி வாலைப் புடிச்ச கதை ஒண்ணும் நடந்துச்சு. எப்ஸ்டீன்னு ஒரு அமெரிக்கப் பணக்காரன் சின்னப் பொண்ணுங்களுக்குச் செஞ்ச கொடுமை நிஜம், 2019ல ஜெயில்ல செத்தது நிஜம், அதுல மறைச்சது இருக்குன்னு கேக்குறதும் நியாயம். ஆனா அதுமேல பெரிய "லிஸ்ட்" இருக்கு, நாங்க வந்தா திறப்போம்னு போட்காஸ்ட்ல பேசியே பேர் வாங்குன டான் பொஞ்சீனோ எஃப்பிஐக்கே ரெண்டாம் தலைவர் ஆனாரு. 2025 பிப்ரவரில வெள்ளை மாளிகைக்கு இன்ஃபுளுவென்சருங்களைக் கூப்பிட்டு ஃபைலு குடுத்தாங்க, அவங்களும் கல்யாணத்துல தாம்பூலப் பை வாங்குன மாதிரி சிரிச்சுக்கிட்டு போட்டோவுக்கு நின்னாங்க, உள்ள பார்த்தா பெரும்பாலும் ஏற்கனவே வெளிய வந்ததுதான். ஜூலைல அரசாங்கமே அப்படி ஒரு வாடிக்கையாளர் லிஸ்ட் கிடையாதுன்னு சொன்னதும் இவங்க வளர்த்த கூட்டமே இவங்க மேல பாஞ்சுச்சு. வருஷக் கணக்குல அரசாங்கம் பொய் சொல்லுதுன்னு கத்துக் குடுத்துட்டு, அரசாங்கத்துல உக்காந்துக்கிட்டு நம்புங்கன்னா யாரு நம்புவா?

சரி, நம்ம ஊருக்கு வர்றேன். பினாங்குக்காரங்களுக்கு 2011 மே மாசம் ஞாபகம் இருக்கும். மே 7ந் தேதி உத்துசான் முதல் பக்கத்துல கொட்டை எழுத்துல, கிறிஸ்தவம் அதிகாரப்பூர்வ மதமான்னு கேள்விக்குறி போட்டு வந்துச்சு. இங்க பினாங்குல ஒரு ஹோட்டல்ல பாதிரியாருங்களும் ஜசெக ஆளுங்களும் கூடி நாட்டையே மாத்த சத்தியம் பண்ணாங்களாம். எங்கேர்ந்து எடுத்தாங்கன்னா அப்போ ஆட்சியில இருந்த அம்னோ கட்சிக்கு ஆதரவா பிளாக் எழுதுற ரெண்டு பேரு போட்டதுலேர்ந்து. கூட்டத்துக்குப் போனவங்க அப்படி ஒண்ணுமே நடக்கலைன்னாங்க, உள்துறை அமைச்சு பேப்பருக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்புச்சு. அன்னைக்கு என் கடையில அந்தப் பேப்பர் பத்து மணிக்கே தீர்ந்துபோச்சு, வித்தது நான்தான், காசு எண்ணுனதும் நான்தான், அதை மறைக்க விரும்பல. அம்னோ கட்சிக்காரன் பேப்பர் இணையத்துக்காரன் பின்னாடி ஓடுனதை நான் முதல்ல பார்த்தது அன்னைக்குத்தான். இன்னைக்கு கட்சியே ஓடுது.

அப்போ எதிர்க்கட்சிக்கு ஆதரவா இருந்த நம்ம பக்கம் சும்மா இருந்துச்சான்னா அதுவும் இல்ல. 2013 தேர்தல்ல 40,000 பங்களாதேஷிங்களை ஏரோபிளேன்ல இறக்கிட்டாங்க, ஓட்டு எண்ணுறப்போ கரெண்டைக் கட் பண்ணிட்டாங்கன்னு நம்ம ஆளுங்க, படிச்சவங்க, டாக்டருங்கதான் பார்வர்டு பண்ணாங்க. மேல் மாடில தங்கியிருந்த பங்களா பையன் ஒருத்தன் அன்னைக்கு பூரா கீழ இறங்கவே பயந்தான், சோத்தை நான்தான் மேல கொண்டு போய்க் குடுத்தேன். அவன் ஓட்டுப் போட வந்தவன் இல்லையா, சிமெண்டு கலக்க வந்தவன். பழமைவாதிங்க மட்டும்தான் ஏமாறுவாங்கன்னு நினைக்கிற முற்போக்கு ஆளுங்களுக்காகத்தான் இதைச் சொல்றேன்.

2022 நவம்பர் பொதுத்தேர்தல் முடிஞ்சதும் டிக்டாக்ல 1969 மே 13 இனக் கலவரத்தை ஞாபகப்படுத்துற வீடியோவா வந்துச்சே, கையில கத்தியோட பசங்க. தனிக் கட்சியா அதிக சீட்டு ஜெயிச்சது பாஸ்தான், அதுக்கு டிக்டாக் மட்டும்தான் காரணம்னு சொல்றவன் ஒரு கம்போங்குக்கும், கிராமத்துக்கும், போனதில்லை, 1எம்டிபி அரசாங்க நிதி ஊழல் மேல கோபமும் விலைவாசியும் இருந்துச்சு, அவங்க ஆளுங்க வீடு வீடா போனாங்க. ஆனா அந்த வீடியோவையெல்லாம் யாரு எடுத்தா, யாரு காசு குடுத்தான்னு என் மச்சானைக் கேட்டா அவனுக்கும் தெரியாது, அவனுக்கு அது தேவையும் படல.

காசு யாருதுன்னு தெரியலைன்னா என்ன ஆகும்கிறதுக்கு அமெரிக்காவுல 2024 செப்டம்பர்ல ஒரு கேஸு இருக்கு. ரஷ்ய அரசாங்க டிவி ஆளுங்க ரெண்டு பேரு டென்னசியில ஒரு கம்பெனிக்கு கிட்டத்தட்ட 10 மில்லியன் டாலர் மறைமுகமா அனுப்பி, பேர் வாங்குன வலதுசாரி இன்ஃபுளுவென்சருங்களுக்கு வீடியோவுக்கு இவ்வளவுன்னு குடுத்ததா அரசு வழக்குப் போட்டுச்சு. தேசபக்தி பேசுனவங்க, எங்களுக்கே தெரியாது, நாங்கதான் ஏமாந்தோம்னாங்க. நிஜமாவே தெரியாம இருந்திருக்கலாம். ஊரு உலகத்துல எல்லார் பின்னாடியும் யாரோ இருக்கான்னு பேசுறவனுக்குத் தன் பின்னாடி யாரு இருக்கான்னு தெரியல.

நம்ம அண்ணன் பாக்குற தமிழ் யூடியூப்லயும் இதுதான். இலுமினாட்டி, தடுப்பூசி சதி, எல்லாம் அங்க பழைய சரக்கு. 2023 மார்ச்ல தமிழ்நாட்டுல பீகார் தொழிலாளிங்களை அடிச்சுக் கொல்றாங்கன்னு போலி வீடியோ ஹிந்தில பரவுச்சு, பயந்துபோய் ரயிலேறுனாங்க பாவம், பீகார்லேர்ந்து குழு வந்து பார்த்துட்டுப் போச்சு, யூடியூபர் ஒருத்தன் கைதானான், பாஜக பேச்சாளர் ஒருத்தர் மேலயும் கேஸு. அந்தக் கதையில தமிழன்தான் வில்லன். அண்ணன்கிட்ட இதைச் சொன்னேன், "அது வேற பாய்"ன்னாரு. எப்படி வேறன்னு கேட்டேன், பேப்பரை மடிச்சு வச்சுக்கிட்டாரு.

மச்சானுக்கும் ஒண்ணு இருக்கு. 2021ல கோவிட் நேரம், ஐவர்மெக்டின் சாப்பிட்டா போதும், ஊசி கம்பெனிக்காரன் சதின்னு அமெரிக்கப் பழமைவாதி போட்காஸ்டுலேர்ந்து மலாய் டெலிகிராம் வழியா அவன் போனுக்கு வந்துச்சு. எங்கேயோ கறுப்புச் சந்தையில வாங்கி வீட்டுல எல்லாருக்கும் குடுத்தான். அதே வருஷம் நம்ம நாட்டு அரசாங்க ஆஸ்பத்திரி 20ல, 490 நோயாளிங்களை வச்சு அதே மருந்தை சோதிச்சாங்க. மருந்து சாப்பிட்டவங்கள்ல 21.6 சதவீதம் பேருக்கு நோய் கடுமையாச்சு, சாப்பிடாதவங்கள்ல 17.3, அந்த வித்தியாசத்தை வச்சு மருந்து கெடுத்துச்சுன்னும் சொல்லமுடியாது, காப்பாத்துச்சுன்னும் சொல்லவே முடியாது. அமெரிக்காக்காரன் சண்டை போட்டுக்கிட்ட கேள்விக்கு பதில் சொன்னதுல நம்ம டாக்டருங்களுக்குப் பெரிய பங்கு, பெருமையா இருக்க வேண்டிய விஷயம், என் கடைக்கு வர்ற பத்துப் பேர்ல ஒருத்தருக்காவது தெரியுமான்னா தெரியாது. உங்க பேப்பர்ல அதை எந்த மூலையில போட்டீங்கன்னு எனக்கும் ஞாபகம் இல்ல.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். நீங்க அச்சடிக்கிற ஒவ்வொரு பேப்பர்லயும் எங்கேயாவது ஒரு ஓரத்துல பொடி எழுத்துல அச்சிட்டவர் பேரு, வெளியிட்டவர் பேரு, விலாசம் இருக்கும், 1984 அச்சக, வெளியீட்டுச் சட்டப்படி போட்டே ஆகணும். அந்தச் சட்டத்தைப் புகழ வரல நான், 1987ல லாலாங் நடவடிக்கைன்னு அரசாங்கம் கூட்டமா ஆளுங்களைப் புடிச்சு உள்ள போட்ட நேரத்துல ஸ்டார், சின் சியூ, வத்தான் மூணு பேப்பரையும் நிறுத்துனதும் அதே சட்டம்தான், அன்னைக்கு அத்தா கடையில தட்டு பாதி காலியா கிடந்தது எனக்கு இன்னும் கண்ணுல நிக்குது. 2018ல போலிச் செய்திச் சட்டம்னு ஒண்ணு கொண்டு வந்து அடுத்த வருஷமே எடுத்தாங்க, 2025லேர்ந்து 8 மில்லியன் பேருக்கு மேல பயன்படுத்துற தளங்களுக்கு லைசென்ஸு. எது பொய்யின்னு அரசாங்கம் முடிவு பண்ணட்டும்னு விட எனக்கு மனசு வரல, நாளைக்கு எந்த அரசாங்கம் வருமோ. ஆனா அந்தப் பொடி எழுத்து, அது நல்ல பழக்கம். பொய் எழுதுனா கேக்க ஒரு வாசக்கதவு இருக்கு.

உங்ககிட்ட நான் கேக்குறது சின்னது. சில நாளு உங்க பேப்பர்லயே "சமூக வலைத்தளங்களில் பரவி வருகிறது"ன்னு ஒரு செய்தி வருது, யாரு சொன்னது, எப்போ, எந்த ஊருலேர்ந்துன்னு ஒண்ணும் இல்ல. பரவுறதுக்கு அது என்ன டெங்கியா? யாரோ ஆரம்பிச்சிருப்பான் இல்ல? அவன் பேரைப் போடுங்க, அந்தச் சேனல் எந்த நாட்டுலேர்ந்து ஓடுது, நடுவுல என்ன மாத்திரை விக்கிறான், எந்தக் கட்சி மேடையில ஏறுனான்னு போடுங்க, தெரியலைன்னா செய்தியே போடாதீங்க. இடிக்கப் போறாங்கன்னு சொன்ன கோயில் பினாங்குல எதுன்னு அந்த அண்ணனுக்காக ஒரு நிருபரை அனுப்பிப் பார்த்துட்டு வரச் சொல்லுங்க, குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயில் என் கடைலேர்ந்து நடந்தே போயிரலாம், 1833லேர்ந்து அங்கதான் இருக்கு, நேத்துகூட அங்கதான் இருந்துச்சு, பூசைக்கு மணி அடிச்சது கேட்டுச்சு.

அண்ணன் இன்னும் தினம் வர்றாரு, பேப்பர் வாங்குறாரு. இந்தக் கடிதம் வந்தா அவர் படிப்பாரு, கோவிச்சுக்குவாரு, யாரைச் சொல்லுறேன்னு அவருக்குத் தெரிஞ்சிரும். பரவாயில்ல, எங்கிட்ட வந்து நேருல கேக்கட்டும். கீழ என் முழுப் பேரு, கடை நம்பர், தெரு எல்லாம் எழுதியிருக்கேன். வாசகர் கடிதத்துக்கு நீங்க வழக்கமா பேரும் ஊரும் மட்டும்தான் போடுவீங்க, எனக்குத் தெரியும். எனக்கு முழுசா போடுங்க.

இப்படிக்கு,
[முழுப் பேரு, கடை நம்பர், தெரு]
பேப்பர் கடைக்காரன், ஜார்ஜ்டவுன், பினாங்கு